பழைய லென்ஸ் மேல் பழி போடாதீர்கள், மெனுவைத் திறந்து பாருங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மக்களே, இது கொஞ்சம் காரமான பதிவு. நீளமும் ஜாஸ்தி. பொறுமை இல்லாதவர்கள் கடைசியில் இருக்கும் மூன்று கோரிக்கைகளை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பலாம். பொறுமை உள்ளவர்கள் கையில் ஒரு டீயோடு உட்காரவும்.

விஷயம் இதுதான். எங்கள் கல்லூரியில் ஒரு புகைப்படக் கழகம் இருக்கிறது. அங்கே இந்த வருடம் இரண்டு சட்டங்கள் போட்டிருக்கிறார்கள். ஒன்று, ஆட்டோஃபோகஸ் இல்லாத லென்ஸில் எடுத்த படங்கள் போட்டிக்குக் கிடையாது. காரணம், "அதுல தரம் வராது". இரண்டு, படத்தின் எக்ஸிஃப் தகவலில் அபெர்ச்சர் எண் காலியாக இருந்தால் அந்தப் படம் சந்தேகத்துக்குரியது, அதுவும் கிடையாது.

இந்த இரண்டு சட்டத்திலும் சேர்ந்தாற்போல் மாட்டியவன் என் வகுப்புத் தோழன். அவன் அப்பா ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். ஃபிலிம் காலம் முடிந்து கடையை மூடிய பிறகு பீரோவில் மிஞ்சியவை மூன்று லென்ஸ்கள்: நிக்கான் 50 மி.மீ. எஃப்/1.8, பென்டாக்ஸ்-எம் 50 மி.மீ. எஃப்/2, ஒரு ஜெனித் கேமராவோடு வந்த ஹீலியோஸ் 44-2. இவன் செகண்ட் ஹேண்டில் ஒரு மிரர்லெஸ் பாடி வாங்கி, அடாப்டர் போட்டு, அந்த லென்ஸ்களில் படம் எடுக்கிறான். படங்கள் திரும்பி வந்தன. கூடவே இலவச அறிவுரை: "நல்ல ஆட்டோஃபோகஸ் லென்ஸ் ஒண்ணு வாங்கிட்டு வாப்பா". பையன் இப்போது மாதத் தவணைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். அந்தத் தவணையைத் தடுத்து நிறுத்துவதுதான் இந்தப் பதிவின் நோக்கம். வேறு உள்குத்து எதுவும் இல்லை :-)

என் கட்சியை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். பழைய லென்ஸைப் பற்றி நீங்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை லென்ஸின் குறைகள் அல்ல. கேமராவின் மெனுவில் நாலு இடத்தைத் தொடாமல் விட்டதன் குறைகள்.

ஏன் என்று பார்ப்போம். இன்றைய லென்ஸ் ஒரு வாயாடி. பாடியில் மாட்டியதும் பின்பக்கத்து மின் தொடுமுனைகள் வழியாக, "நான் வந்துவிட்டேன், என் ஃபோகல் லெங்த் இவ்வளவு, அபெர்ச்சர் இவ்வளவு" என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும். பழைய லென்ஸ் அப்படியல்ல. கண்ணாடி, பித்தளை, அலுமினியம், ஒரு திருகு. வாய் திறக்காத பெரியவர். வங்கிக்கு வந்த தாத்தாவுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்போம் இல்லையா, அதே வேலைதான் இங்கேயும். அவர் சொல்லாத விவரத்தை நாம்தான் கேமராவிடம் சொல்ல வேண்டும். படிவத்தை நிரப்பாமல் விட்டுவிட்டு, "தாத்தா கணக்கே செல்லாது" என்று சொன்னால் அது யார் தப்பு?

கழகத்து அண்ணன்மார்கள் வைக்கும் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

குற்றச்சாட்டு 1: "மாட்டினா ஷட்டரே விழ மாட்டேங்குது. இதெல்லாம் டிஜிட்டலுக்கு ஒத்து வராது."

ஒத்து வரும். மின் தொடுமுனை இல்லாத லென்ஸை மாட்டினால், "என் முன்னால் லென்ஸே இல்லை" என்று மிரர்லெஸ் கேமரா நினைத்துக்கொள்கிறது. லென்ஸ் இல்லாமல் படம் எடுக்க விடக்கூடாது என்று பல மாடல்களில் பூட்டு வைத்திருக்கிறார்கள். பூட்டுக்குச் சாவியும் மெனுவிலேயே இருக்கிறது. சோனியில் 'ரிலீஸ் வித்தவுட் லென்ஸ்', ஃபூஜியில் 'ஷூட் வித்தவுட் லென்ஸ்', கேனன் ஆர் வரிசையில் 'ரிலீஸ் ஷட்டர் வித்தவுட் லென்ஸ்'. அதை ஆன் செய்தால் போதும். அரை நிமிட வேலை.

பென்டாக்ஸ் டிஜிட்டல் எஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு வேறு ஒரு பூட்டு. 1975-ல் வந்த கே மவுண்ட்தான் அவர்களுடைய டிஜிட்டல் பாடிகளிலும் இருக்கிறது. அந்தக் காலத்து லென்ஸ் அடாப்டரே இல்லாமல் அப்படியே மாட்டும். ஆனால் கஸ்டம் மெனுவில் 'யூசிங் அபெர்ச்சர் ரிங்' என்பதை 'பெர்மிட்டட்' என்று மாற்றாத வரைக்கும் ஷட்டர் விழாது. நம் ஆட்கள் அந்தப் பக்கம் போகாமலே "லென்ஸ் செத்துப்போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

குற்றச்சாட்டு 2: "வெளிச்சம் தாறுமாறா வருது. அபெர்ச்சர் தெரியாம கேமரா எப்படிக் கணக்குப் போடும்?"

கேட்பதற்கு நியாயமான கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் எக்ஸ்போஷர் கணக்குப் போட கேமராவுக்கு அபெர்ச்சர் எண் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. லென்ஸ் வழியாக உள்ளே வரும் வெளிச்சம் எவ்வளவு என்று தெரிந்தால் போதும். லென்ஸின் வளையத்தை எஃப்/5.6-க்குத் திருப்பினால் துளை நிஜமாகவே சிறிதாகிறது, சென்சாரில் விழும் வெளிச்சம் குறைகிறது, கேமரா அதைப் பார்த்து ஷட்டரை மெதுவாக்குகிறது. ஏ மோடில் வையுங்கள், கேனன் என்றால் ஏவி. வளையத்தைத் திருப்பினால் ஷட்டர் எண் கூடவே மாறுவது திரையில் தெரியும். 1964-ல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் இதே முறையில்தான் அளந்தது. துளையைச் சுருக்கி, லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை அளப்பது. அறுபது வருடப் பழைய சமாச்சாரம். "டிஜிட்டலுக்கு ஒத்து வராது" என்று சொல்கிறவர்கள் ஃபிலிமுக்கே இது ஒத்து வந்ததை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் ஏன் தாறுமாறாக வருகிறது? பெரும்பாலும் மூன்று காரணம்.

ஒன்று, எம்42 திருகு லென்ஸ்கள் பலவற்றில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சின்ன விசை இருக்கும். ஆட்டோவில் விட்டுவிட்டால், பின்பக்க ஊசியை யாராவது அழுத்தும் வரை துளை முழுதாகத் திறந்தே இருக்கும். ஊசியை அழுத்தும் அமைப்பு அடாப்டரில் இல்லை என்றால், வளையத்தை எஃப்/11-க்குத் திருப்பினாலும் உள்ளே ஒன்றும் நடக்காது. விசையை மேனுவலுக்குத் தள்ளினால் விஷயம் முடிந்தது. ஹீலியோஸ் 44-2 மாதிரி ப்ரீசெட் லென்ஸில் ஊசியே கிடையாது, ஆனால் வளையம் இரண்டு. ஒன்று எல்லையைக் குறிக்கும், இன்னொன்று துளையைத் திறந்து மூடும். ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு "ஒண்ணும் மாறலையே" என்றால் என்ன செய்வது?

இரண்டு, பென்டாக்ஸ் பாடியில் பென்டாக்ஸ்-எம் லென்ஸைப் போட்டு ஏவி மோடில் எடுப்பது. அந்த மோடில் பாடி துளையைச் சுருக்காது. வளையம் எங்கே இருந்தாலும் படம் முழுத் துளையில்தான் பதிவாகும். எம் மோடுக்கு மாறி, பச்சைப் பொத்தானை ஒரு தடவை அழுத்த வேண்டும். ஒரு கணம் துளையைச் சுருக்கிப் பார்த்து, சரியான ஷட்டர் வேகத்தை அதுவே வைத்துக்கொள்ளும்.

மூன்று, நிக்கானில் எந்த பாடி என்று பார்க்காமல் பேசுவது. டி3000, டி5000 வரிசை ஆரம்பநிலை பாடிகளில் பழைய ஏஐ லென்ஸுக்கு மீட்டர் வேலை செய்யாது, எம் மோடில் எடுத்து ஹிஸ்டோகிராம் பார்த்துத் திருத்த வேண்டும். ஆனால் டி200, டி300, டி7000 மாதிரி பாடிகளில் 'நான் சிபியு லென்ஸ் டேட்டா' என்று ஒரு மெனு இருக்கிறது. ஃபோகல் லெங்த் 50, அதிகபட்ச அபெர்ச்சர் 1.8 என்று பதிந்துவிட்டால் மீட்டரும் வேலை செய்யும், எக்ஸிஃபில் அபெர்ச்சர் எண்ணும் வரும். மெனு பெயரிலேயே விடை எழுதி வைத்திருக்கிறார்கள்!

குற்றச்சாட்டு 3: "எல்லாப் படமும் மங்கல். ஷார்ப்னஸே இல்லை."

இதுதான் அவர்களுடைய பெரிய ஆயுதம். இதை மூன்றாகப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் மங்கலுக்கு மூன்று அப்பாக்கள்.

முதல் அப்பா, ஃபோகஸ். டிஜிட்டல் எஸ்எல்ஆரின் வ்யூஃபைண்டரை நம்பி எஃப்/1.8-ல் கையால் ஃபோகஸ் செய்தால் தப்பாகத்தான் வரும். ஆட்டோஃபோகஸ் காலத்துத் திரைகள் பிரகாசத்துக்காகச் செய்யப்பட்டவை. எஃப்/1.8-ன் மெல்லிய ஃபோகஸ் ஆழத்தை அவை உள்ளபடி காட்டுவதில்லை. எஃப்/2.8-ல் இருப்பது மாதிரி எல்லாம் தெளிவாகத் தெரியும், எடுத்துப் பார்த்தால் கண்ணுக்குப் பதில் காது தெளிவாக இருக்கும். பழைய பென்டாக்ஸ் கே1000-ல் திரை நடுவே மைக்ரோப்ரிசம் இருந்தது, நிக்கான் எஃப்எம்2-வில் பிளவுத் திரையே இருந்தது. இப்போது அந்த உதவி இல்லை. பதிலாக 2007 முதல் நிக்கான் டி300, கேனன் 40டி போன்றவற்றில் லைவ் வ்யூ வந்துவிட்டது. மிரர்லெஸ்ஸில் எப்போதுமே லைவ் வ்யூதான். படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் மேக்னிஃபை வசதியை கைக்கு எட்டும் ஒரு பொத்தானில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக்கு, இமையில் ஃபோகஸ் வை, எடு. அவ்வளவுதான்.

ஃபோகஸ் பீக்கிங் என்று விளிம்புகளைச் சிவப்பாகக் காட்டும் வசதியும் இருக்கிறது. உதவிதான், ஆனால் முழுக்க நம்ப வேண்டாம். அது பார்ப்பது கான்ட்ராஸ்டை. முழுத் துளையில் கான்ட்ராஸ்ட் குறைவாக உள்ள லென்ஸில் அது தடுமாறும். ஒரு குறுக்குவழி சொல்கிறேன். ரா ஃபார்மேட்டில் எடுங்கள், பிக்சர் ஸ்டைலை மட்டும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, அதில் ஷார்ப்னஸை ஏற்றிவிடுங்கள். திரையில் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், சிவப்பு விளிம்பு பளிச்சென்று தனியாக நிற்கும். ரா கோப்பில் கலர் பத்திரமாக இருக்கும்.

இன்னொன்று, எந்தத் துளையில் எடுக்கப் போகிறீர்களோ அந்தத் துளையிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். சில பழைய வேக லென்ஸ்களில் துளையைச் சுருக்கும்போது ஃபோகஸ் விழும் இடம் கொஞ்சம் நகரும்.

இரண்டாவது அப்பா, ஷட்டர் வேகம். ஆட்டோ ஐஎஸ்ஓவில் விட்டால் கேமரா லென்ஸின் ஃபோகல் லெங்த்தைப் பார்த்துத்தான் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை முடிவு செய்யும். பெரியவர் ஃபோகல் லெங்த் சொல்லவில்லை என்றால் பொதுவாக ஒரு வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், அது 1/60 ஆகக்கூட இருக்கலாம். 135 மி.மீ. லென்ஸை ஏபிஎஸ்-சி சென்சாரில் போட்டால் காட்சிக் கோணம் கிட்டத்தட்ட 200 மி.மீ. லென்ஸுடையது. கையில் பிடித்து எடுக்க 1/200-ஆவது வேண்டும். 1/60-ல் எடுத்துவிட்டு லென்ஸ் மங்கல் என்றால், ஆடியது கையா கண்ணாடியா? ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை நாமே பதியலாம். பதியுங்கள்.

மூன்றாவது அப்பா, சென்சார் அசைந்து கைநடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி. இது பாடியிலேயே இருந்தால் பழைய லென்ஸுக்கும் நடுக்கத்தடுப்பு இலவசம். பென்டாக்ஸ் 2006-லேயே கே100டி-யில் இதைக் கொடுத்துவிட்டது. பழைய லென்ஸைப் போட்டு ஆன் செய்தால் "ஃபோகல் லெங்த் என்ன?" என்று கேமராவே கேட்கும். சோனி, ஒலிம்பஸ், பானசோனிக், ஃபூஜி பாடிகளில் நாம் மெனுவுக்குப் போய்ப் பதிய வேண்டும். தப்பான எண் இருந்தால் என்ன ஆகும்? 50 மி.மீ. லென்ஸுக்கு 135 என்று கிடந்தால் சென்சார் தேவைக்கு மேல் ஆடி, தானே படத்தைக் கலைக்கும். 135-க்கு 28 என்று கிடந்தால் போதுமான அளவு ஆடாது. எழுதியிருக்கும் நிஜ எண்ணையே பதிய வேண்டும், 1.5-ஆல் பெருக்கிப் பதியக்கூடாது. சென்சார் அளவு கேமராவுக்குத் தெரியும், அதை நீங்கள் சொல்லித்தர வேண்டாம். லென்ஸை மாற்றினால் எண்ணையும் மாற்றுங்கள். என் தோழனின் திருப்பி அனுப்பப்பட்ட படங்களை நான் முழு அளவில் பார்த்தேன். அவன் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தான். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் உள்ள கீறல் வரைக்கும் எண்ணலாம். "தரம் வராது" என்று சொன்னவர்கள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை. லென்ஸின் பெயரைக் கேட்டார்கள், முடிவு எழுதினார்கள்.

குற்றச்சாட்டு 4: "கலர் மஞ்சளா இருக்கு, படம் வெளுத்துப் போயிருக்கு."

மஞ்சளுக்கு நிஜமான காரணம் உண்டு. சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4-ன் ஏழு கண்ணாடி வகை மாதிரி சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி பயன்படுத்தினார்கள். வருடங்கள் போகப் போக அது தேநீர் நிறத்துக்கு மாறும். புற ஊதா வெளிச்சத்தில் வைத்தால் பெருமளவு தெளியும். அதுவரைக்கும்? ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுத்தால் போயிற்று. ஃபிலிம் காலத்தில் மஞ்சள் லென்ஸ் நிஜமாகவே தலைவலிதான். டிஜிட்டலில் அது ஒரு பொத்தான். பழைய லென்ஸுக்கு டிஜிட்டல் எதிரி என்கிறார்கள், உண்மையில் அதற்குக் கிடைத்த பெரிய நண்பனே டிஜிட்டல்தான்.

வெளுப்புக்குக் காரணம் கண்ணாடிப் பூச்சு. பென்டாக்ஸ் 1971-ல்தான் தன் டாக்குமார் லென்ஸ்களுக்குப் பல அடுக்குப் பூச்சைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தையவற்றில் ஒரே அடுக்கு. எதிர்வெயில் உள்ளே நுழைந்தால் கண்ணாடிகளுக்கு இடையே எகிறி, நிழல் பகுதிகள் சாம்பல் பூக்கும். முதல் மருந்து, லென்ஸ் ஹுட். அது இல்லாவிட்டால் இடது கையைக் குடையாகப் பிடிக்கலாம், காசு செலவில்லை. இரண்டாவது, ஹிஸ்டோகிராம் இடது ஓரத்தைத் தொடாமல் நடுவில் குவிந்து கிடந்தால் பிக்சர் ஸ்டைலில் கான்ட்ராஸ்டை ஒன்றிரண்டு படி ஏற்றுங்கள், அல்லது ரா கோப்பில் கறுப்புப் புள்ளியை இழுத்து வையுங்கள். மூன்றாவது, சிதறிய வெளிச்சத்தையும் சேர்த்து அளப்பதால் மீட்டர் படத்தைக் கொஞ்சம் இருட்டாக்கக்கூடும். முகம் இருண்டால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று ஏற்றிப் பாருங்கள்.

குற்றச்சாட்டு 5: "எக்ஸிஃபில் அபெர்ச்சர் இல்லை. அப்போ இது சொந்தப் படம்னு எப்படி நம்புறது?"

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. தரம் பற்றிய வாதம் அறியாமை என்று விட்டுவிடலாம். இது ஒருவனின் நேர்மை மேல் கை வைப்பது.

எக்ஸிஃப் என்பது கோப்போடு ஒட்டிய சீட்டு. பழைய லென்ஸ் எண் சொல்லாததால் அந்த இடம் காலியாகவோ சைபராகவோ இருக்கும். மற்றபடி தேதி, நேரம், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ, பாடியின் பெயர் எல்லாம் இருக்கும். சரி, சீட்டில் எண் இருந்தால் அது அத்தாட்சியா? எக்ஸிஃப்டூல் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது. அதில் ஒரு வரி தட்டினால் அபெர்ச்சர் எண் என்ன, தேதியையே மாற்றலாம். ஆக உங்கள் சட்டம் என்ன செய்கிறது? ஏமாற்ற நினைக்கிறவன் ஒரு வரி தட்டி எண்ணை நிரப்பிவிட்டு உள்ளே வருவான். உள்ளதை உள்ளபடி காலியாக விட்டவன் வெளியே நிற்பான். பொய் சொல்லத் தெரியாதவனுக்கு மட்டும் தண்டனை கொடுக்கும் சட்டம் இது.

நம்பிக்கை வேண்டும் என்றால் ரா கோப்பைக் கேளுங்கள். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பத்து ஃப்ரேம்களைக் கேளுங்கள். படம் எடுத்தவனிடம் அவை இருக்கும், திருடியவனிடம் இருப்பது கஷ்டம்.

இப்போது மறுபக்கத்துக்கும் இரண்டு வார்த்தை. இந்தக் கோஷ்டியை நான் வைண்டேஜ் பக்தர்கள் என்று அழைக்கிறேன். "பழைய லென்ஸுக்கு ஆன்மா இருக்கு, மெனுவெல்லாம் தொடாதே, அப்படியே எடு" என்பது அவர்கள் வேதம். ஃபோகஸ் தப்பினால் கவிதை, வெளுத்தால் நினைவலை, கைநடுங்கினால் கலை. ஆன்மாவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஹீலியோஸில் பின்னணி சுழலுவது, ஓரங்களில் லென்ஸின் சட்டம் வெளிச்ச வட்டத்தை மறைத்து அதைப் பூனைக்கண் வடிவமாக்குவதாலும், ஓரங்களுக்கான பிழைத்திருத்தம் முழுமையாக இல்லாததாலும் வருவது. அதனால்தான் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஓரங்கள் வெட்டுப்படும்போது சுழலும் குறைகிறது. காரணம் தெரிந்தால் வேண்டும்போது வரவழைக்கலாம், வேண்டாதபோது துளையைச் சுருக்கி அடக்கலாம். தெரியாதவனுக்கு அது லாட்டரி. கழகத்து அண்ணன்மார்கள் இந்த பக்தர்களின் படங்களைப் பார்த்துத்தான் "தரம் வராது" என்று சட்டம் போட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஒரு கூட்டம் லென்ஸைத் திட்டுகிறது, ஒரு கூட்டம் கும்பிடுகிறது. இரண்டு பேரும் கேமராவின் மெனுவைத் திறப்பதில்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால், எங்கே பழைய லென்ஸ் ஒத்து வராது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

கபடி, சிலம்பம், ஓடும் குழந்தை என்றால் ஆட்டோஃபோகஸ்தான். கையால் துரத்திப் பிடித்த பழைய ஆட்கள் உண்டு, ஆனால் காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுக்கப் போகிறவன் அந்த ரிஸ்க் எடுக்கக்கூடாது.

எல்லா லென்ஸும் எல்லா பாடியிலும் உட்காராது. லென்ஸின் மவுண்டுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம்தான் கணக்கு. எம்42-க்கு 45.46 மி.மீ., கேனன் ஈஎஃப்புக்கு 44, நிக்கான் எஃப்புக்கு 46.5. ஆகவே எம்42 லென்ஸ் கேனனில் சரியாக உட்காரும். நிக்கான் எஸ்எல்ஆரில் நடுவே ஒரு திருத்தக் கண்ணாடி இல்லாமல் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது. சோனி ஈ மவுண்டுக்கு வெறும் 18 மி.மீ. என்பதால் மிச்ச இடத்தை ஒரு காலிக் குழாய் அடாப்டர் நிரப்பிவிடும், எந்தக் கண்ணாடியும் தேவையில்லை. இன்னொரு எச்சரிக்கை: 1977-ல் ஏஐ முறை வருவதற்கு முந்தைய, பிறகு மாற்றியமைக்கப்படாத நிக்கான் லென்ஸ்களை டி7000 மாதிரி பாடியில் பலவந்தமாகத் திருகினால் அபெர்ச்சர் வளையத்தை உணரும் சின்ன நாக்கு உடையும்.

கடைசியாக, பூஞ்சை. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் தோல் உறைக்குள் வருடக்கணக்கில் தூங்கிய லென்ஸில் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சையே அரித்திருந்தால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது. நல்ல லென்ஸை மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறையைக் குப்பையில் போடுங்கள்.

இவ்வளவும் ஒத்துக்கொண்ட பிறகும் என் கட்சி அப்படியே நிற்கிறது. முகம், தெரு, கோயில் தூண், பாட்டியின் கை, பூ, புத்தகம். ஒரு மாணவன் எடுக்கும் படங்களில் முக்கால்வாசி இவைதான். இவற்றுக்கு ஆட்டோஃபோகஸ் வசதி, அவசியம் இல்லை. ஏபிஎஸ்-சி சென்சார் பழைய லென்ஸின் நல்ல நடுப்பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. எஃப்/5.6, எஃப்/8-க்குச் சுருக்கினால் ஐம்பது மி.மீ. லென்ஸ்களில் புதிது எது பழையது எது என்று பெயரை மறைத்துக் காட்டினால் கண்டுபிடிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம்.

ஊர் ஊராக மூடிய ஸ்டூடியோக்களின் பீரோக்களில் இப்படி எத்தனையோ லென்ஸ்கள் கிடக்கின்றன. நம் அப்பா அம்மாக்களின் கல்யாண ஆல்பங்கள் இந்த லென்ஸ்களில் எடுத்தவைதான். அப்போது வந்த தரம் இப்போது எங்கே போய்விடும்? ஒரு மாணவர் கழகம் செய்ய வேண்டிய வேலை, கையில் இருப்பதை வைத்துப் படம் எடுக்கச் சொல்லித் தருவது. கையில் இல்லாததை வாங்கிவரச் சொல்வது கடைக்காரர் வேலை.

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, ஆட்டோஃபோகஸ் கட்டாயம் என்ற சட்டத்தை எடுங்கள். படத்தைப் பாருங்கள், லென்ஸின் பிறந்த வருடத்தைப் பார்க்காதீர்கள்.

இரண்டு, எக்ஸிஃபில் எண் இல்லை என்பதற்காக யாரையும் சந்தேகிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் எல்லோரிடமும் ஒரே மாதிரி ரா கோப்பைக் கேளுங்கள், விலை உயர்ந்த லென்ஸ்காரரிடமும் சேர்த்து.

மூன்று, ஒரு சனிக்கிழமை மதியம் மேனுவல் லென்ஸ் பட்டறை நடத்துங்கள். மேலே சொன்ன செட்டிங்குகளை எல்லாம் சேர்த்தாலும் ஒரு மணி நேரத்தில் சொல்லித் தந்துவிடலாம். சொல்லித் தர ஆள் வேண்டும் என்றால் எங்கள் வகுப்பில் ஒருத்தன் இருக்கிறான். அவன் படங்களைத்தான் நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள்.

தம்பி, நீ இதைப் படித்தால், அந்தத் தவணைக் கணக்கு எழுதிய தாளைக் கிழித்துப் போடு. மிச்சக் காசில் இரண்டாவது பேட்டரி வாங்கு. மேக்னிஃபை பொத்தானை அமுக்கி அமுக்கி பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் :-)